ஏழாவது கப்பும் கிழக்குச் சுவரும்

ஜனவரி 2, திங்கள்

மருமகன் கொடுத்த டைரி இது. பால் கணக்கு எழுதிக்கொள்கிறேன் என்று மனைவி வச்சலா கேட்டாள். கொடுக்கவில்லை. நான் எப்படி யோசிக்கிறேன் என்பதை இதில் எழுதி வைக்கப் போகிறேன்.

வியாசர்பாடி கெனால் பாய்ஸ் டீமுக்கு ஆறு வருஷமாக நான்தான் கோச். ஆறு வருஷமும் வடக்கு லீக் கப் எங்கள் கிளப் அலமாரியில்தான் இருக்கிறது. ஏழாவதும் வரும். இதையெல்லாம் ஒருவன் எப்படிச் சாதிக்கிறான் என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா? நம் ஊர்க் கோச்சுகள் எதையும் எழுதி வைப்பதில்லை. அதனால்தான் நம் ஃபுட்பால் இந்த லட்சணத்தில் இருக்கிறது.

பெயர் மாசிலாமணி. ரயில்வேயில் கேட் கீப்பராக முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. மூளை தேயவில்லை.

ஜனவரி 8, ஞாயிறு

ஜெயித்தோம். இரண்டுக்கு ஒன்று.

சுவரைப் பற்றி எழுதியாக வேண்டும். மைதானத்துக்குக் கிழக்கே ஒரு காலத்தில் கண்ணாடி ஃபாக்டரி இருந்தது. ஃபாக்டரி போய்விட்டது, காம்பவுண்டுச் சுவர் மட்டும் நிற்கிறது. ஆள் உயரம், உட்காரத் தோதான அகலம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்குவதற்கு வெகு நேரம் முன்பே ஐம்பது பேர் அதன்மேல் ஏறிக் காலைத் தொங்கப் போட்டுக்கொள்வார்கள். ஆட்டோ ஓட்டுகிறவர், ஹார்பரில் வேலை செய்கிறவர், பேங்க்கில் மேனேஜராக இருந்தவர் என்று பலரும் உண்டு. ஏறிய பிறகு எல்லோருக்கும் ஒரே வேலை. என்னைத் திட்டுவது.

சுவருக்கு ஒரு சட்டம் இருக்கிறது. ஏறிவிட்டால் உறவும் கிடையாது, வயசும் கிடையாது. மாமனாரை மருமகன் திட்டலாம். இறங்கிவிட்டால் ஒன்றும் நடக்கவில்லை. சுவரில் பேசியதை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. எங்கள் பகுதியில் தண்ணீர் லாரியால் வந்த சண்டை உண்டு, பைக் நிறுத்தியதால் வந்த சண்டை உண்டு. சுவரால் வந்த சண்டை என்று ஒன்றுகூட இல்லை.

சுவரின் பெரிய தொண்டை என் சம்பந்தியம்மா கஜலட்சுமி. என் மகள் ஹேமாவைக் கட்டியிருப்பது அவர் மகன்தான். பந்தல், பாத்திரம், மைக் செட் எல்லாம் வாடகைக்கு விடுகிறார். ஊருக்கே மைக் கொடுக்கிற அந்த அம்மாவுக்கு மட்டும் மைக் தேவையில்லை. வீட்டுக்குப் போனால் "வாங்க சம்மந்தி, காபி சாப்புடுங்க" என்று அவ்வளவு மெதுவாகச் சொல்வார். அதே வாய் இன்றைக்குச் சுவரிலிருந்து போட்ட சத்தத்தில் லைன்ஸ்மேன் கொடியைக் கீழே போட்டுவிட்டார்.

"யோவ் கோச்சு! உன் லெப்ட் பேக்கு ஷூல கல்லு பூந்த மாதிரி ஓடுறான். கண்ணு தெர்லயா உனக்கு?"

பேங்க்காரர் அவர் பங்குக்கு, கோல் கீப்பரை ஃபார்வர்டு ஆட வைக்கச் சொன்னார். இவர்கள் லட்சணம் இதுதான். விளையாட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

ஹாஃப் டைமில் லெஃப்ட் பேக்கை மாற்றினேன். எனக்கே தோன்றியது. பையன் ஷூவைக் கழற்றினால் கணுக்கால் பூரி மாதிரி வீங்கியிருந்தது. கோச்சுக்கு வேண்டியது இந்தக் கண்தான்.

ஜனவரி 15, ஞாயிறு

பொங்கல். ஆட்டம் இல்லை. சம்பந்தி வீட்டிலிருந்து கரும்பும் மஞ்சள் கொத்தும் வந்தன. சம்பந்தியம்மாவே கொண்டுவந்தார். ஹேமாவுக்கு இது ஏழாம் மாதம். வளைகாப்பை இருபத்தாறாம் தேதி வைக்கலாம் என்று பேசி முடித்தோம். லீவு நாள், எல்லோரும் வர முடியும்.

அந்த அம்மா இருந்த நேரம் முழுக்க ஃபுட்பால் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. மரியாதை தெரிந்த குடும்பம்.

மாலையில் ஒழுகுகிற தண்ணீர் மோட்டாரைக் கழற்றிப் பார்த்தேன். பழைய வாஷர். மாற்ற வேண்டும்.

ஜனவரி 22, ஞாயிறு

ஒன்றுக்குப் பூஜ்யம். ஜெயித்தோம். எழுத்து கோணலாக வந்தால் கோபம்தான் காரணம்.

ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே ரீகன் கோல் போட்டுவிட்டான். அவன்தான் எங்கள் ஃபார்வர்டு. ஒரு கோல் கிடைத்த பிறகு எதற்கு ஓடியாடிக்கொண்டிருக்க வேண்டும்? எல்லோரையும் பின்னால் இழுத்துக் கட்டிவிட்டேன். ஆறு கப் இப்படித்தான் வந்தது. எதிர் டீம் முட்டிப் பார்த்தது, முடியவில்லை. பார்ப்பதற்கு அழகாக இல்லை என்றால் சினிமாவுக்குப் போகட்டும்.

சுவர் முதலிலிருந்தே முணுமுணுத்தது. "கார்னர் வந்தா எல்லாரும் உள்ளயே குமியிறானுங்க, வெளிய ஒருத்தன நிறுத்துய்யா" என்றார்கள். "தூக்கம் வருதுய்யா" என்றார்கள். பழகிப்போனதுதான். கடைசியில்தான் அந்த வார்த்தை வந்தது. சம்பந்தியம்மாவின் குரல்.

"யோவ் கோச்சு! ஆயுசு பூரா கேட்ட மூடி மூடிப் பயகிப்போச்சா உனக்கு? வண்டிதான் பூட்ச்சே! எப்பதான்யா தொறப்ப?"

சுவர் மொத்தமும் சிரித்தது. அதைக்கூட விட்டுவிடலாம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் பையன்களும் சிரித்தார்கள். ரீகன் தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டு சிரித்ததில் மூக்கில் ஏறிவிட்டது.

வெயிலிலும் மழையிலும் கேட்டை மூடித் திறந்து சம்பாதித்ததில்தான் ஹேமாவைப் படிக்க வைத்தேன். ஒரு விபத்து கிடையாது. என் கேட்டில் ஒரு ஆடுகூட அடிபட்டதில்லை.

ஆறு கப் வாங்கியவனுக்குக் கிடைக்கிற மரியாதை இது.

ஜனவரி 24, செவ்வாய்

பயிற்சி. கார்னர் வரும்போது, மிட்ஃபீல்டில் ஆடுகிற சகாயத்தைப் பெனால்டி பாக்ஸுக்கு வெளியே தனியாக நிறுத்திப் பார்த்தேன். திரும்பி வந்த பந்தை அவன் அடித்த அடியில் வலை கிழிந்தது. எனக்கே தோன்றியது.

வலை தைக்க நைலான் நூல் வாங்க வேண்டும். கேட் என்ற வார்த்தை இன்னும் காதிலேயே இருக்கிறது.

ஜனவரி 26, வியாழன்

வளைகாப்பு நன்றாக நடந்தது. ஐந்து வகைச் சாதம். பந்தல், நாற்காலி எல்லாம் சம்பந்தியம்மா கடையிலிருந்து வந்தவை. ஹேமாவின் இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையல். குழந்தை வயிற்றுக்குள் உதைக்கிறது என்றாள். நான் எந்தக் கால் என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

நடந்ததை எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன், அதனால் எழுதுகிறேன். சாப்பாடு பரிமாறும்போது சம்பந்தியம்மா என் இலைக்கு வந்து, "இன்னும் ஒரு கரண்டி புளிசோறு வைக்கட்டா சம்மந்தி?" என்றார். நான் இலையை மூடினேன்.

"கேட்ட மூடிட்டேன். இனிமே தொறக்க மாட்டேன்" என்றேன்.

அந்த அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கரண்டி அப்படியே நின்றது. அதோடு நான் விட்டிருக்கலாம். விடவில்லை. எழுந்து நின்று, அத்தனை பேர் எதிரிலும் கேட்டேன். "ஆறு கப்பு வாங்கிக் குடுத்தவன கேட் கீப்பருன்னு சிரிக்கறீங்களே, அந்தக் கப்பெல்லாம் உங்க கடை வாடகப் பாத்திரத்துலயா வந்துச்சு?"

ஹேமா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு இஷ்டமில்லை.

சம்பந்தியம்மா கரண்டியை வாளியில் வைத்தார். வழக்கமான மெதுவான குரலிலேயே, "சொவத்துல பேசுனத சபைக்குக் கொண்டாந்துட்டீங்க சம்மந்தி. எங்கப்பா காலத்துலேர்ந்து யாரும் இத்த செஞ்சதில்ல. சரி. இனிமே நான் பேசல" என்றார். அடுத்த இலைக்குப் போய்ச் சோறு வைத்தார்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. வச்சலா வீட்டுக்கு வரும்வரை எனக்கு இரண்டடி முன்னாலேயே நடந்தாள்.

ஜனவரி 27, வெள்ளி

கிளப்புக்குப் போய்ச் செகரட்டரி எத்திராஜிடம் நேராகச் சொல்லிவிட்டேன். "மீதி இருக்குற மூணு ஆட்டத்துக்கும் சொவரு வாயத் தொறக்கக் கூடாது. சத்தமில்லாம ஆடி ஏழாவது கப்ப வாங்கிக் காட்டறேன். வாங்கலன்னா நானே கெளம்பிட்றேன். வேற கோச்சப் பாத்துக்கோங்க."

"இன்னா மாஸ்டர், சொம்மா விளையாட்டுக்குப் பேசறவங்க…"

"பந்தயம்னே வச்சுக்கோ."

எத்திராஜ் தலையைச் சொறிந்தான். பிறகு ஒரு தகரத்தில் எழுதினான்: கோச்சை யாரும் ஏசக் கூடாது. இப்படிக்குக் கமிட்டி.

ஜனவரி 29, ஞாயிறு

ஒன்றுக்கு ஒன்று. டிரா.

போர்டைச் சுவரில் கம்பியால் கட்டியிருந்தார்கள். ஐம்பது பேரும் வந்திருந்தார்கள். வாயைத் திறக்கவில்லை. வீம்புக்கு என்று நினைத்தேன், அதுவும் இல்லை. மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். ரீகன் கோல் போட்டபோது கைதட்டினார்கள். எதிர் டீம் போட்டபோதும் கைதட்டினார்கள். எதிர் டீம் கோச் என்னிடம் வந்து, "யாராவது தவறிட்டாங்களா சார்?" என்று கேட்டார்.

சம்பந்தியம்மா நடுவில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு இது எவ்வளவு நிம்மதி என்று சொல்ல வேண்டியதில்லை. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக என் யோசனை எனக்குத் தெளிவாகக் கேட்டது. டிரா ஆனதற்குக் காரணம் காற்று. கடல் பக்கமிருந்து கன்னாபின்னாவென்று அடித்தது.

பிப்ரவரி 1, புதன்

மோட்டாருக்கு வாஷர் மாற்றினேன். இன்னும் ஒழுகுகிறது.

வச்சலா கீரை ஆய்ந்துகொண்டே, "அடுத்த ஆட்டத்துக்கு இன்னா யோசன வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

"எப்பவும் திங்கக்கெழமையே சொல்லிடுவீங்களே."

நான் இன்னொரு கீரைக் கட்டைப் பிரித்துக் கொடுத்தேன். அவளே மறுபடி ஆரம்பித்தாள். "நான் ஒண்ணு சொன்னா கோச்சிக்கக் கூடாது. அம்பது பேரு அம்பது சொல்லுவாங்க. அதுல நாப்பத்தொம்பது பேத்தல். உருப்படியான ஒண்ண மட்டும் காதுல வாங்கிக்கினு வருவீங்க பாருங்க, அது உங்களத் தவிர யாருக்கும் வராது. அது தான உங்க கெட்டிக்காரத்தனம்?"

இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள் என் மூளையைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பது இவ்வளவுதான்.

பிப்ரவரி 5, ஞாயிறு

தோற்றோம். பூஜ்யத்துக்கு இரண்டு. நாங்கள் கடைசியாக எப்போது தோற்றோம் என்று எத்திராஜுக்கே ஞாபகமில்லை.

அப்போதும் சுவர் பேசவில்லை. ஆட்டம் முடிந்து நான் அந்தப் பக்கமாக வந்தபோது ஆட்டோக்காரர் எழுந்து நின்றார். நின்று, "நல்லா ஆடுனாங்க சார். பரவால்ல சார்" என்றார்.

சார்.

இந்த மைதானத்தில் என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. கோச்சு என்பார்கள், யோவ் என்பார்கள், மாசி என்பார்கள், இன்னும் இங்கே எழுத முடியாததெல்லாம் சொல்வார்கள். சாவு வீட்டில்தான் இப்படிப் பேசுவார்கள். நெஞ்சை என்னவோ செய்தது. வெயிலாக இருக்கும்.

இனி ஒரு ஆட்டம்தான் பாக்கி. எண்ணூர் டைகர்ஸோடு. அவர்கள் எங்களைவிட ஒரு பாயிண்ட் மேலே இருக்கிறார்கள். அவர்களுக்கு டிரா போதும். நாங்கள் ஜெயித்தே ஆக வேண்டும். ஜெயிக்காவிட்டால் நான் வீட்டுக்குப் போக வேண்டும். சொன்ன சொல் மாறுகிறவன் இல்லை நான். ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு என்ன செய்வது என்று யோசித்துப் பார்த்தேன். மோட்டார் இருக்கிறது.

பிப்ரவரி 8, புதன்

பயிற்சி முடிந்து பையன்கள் போன பிறகு மைதானத்தில் யாரும் இல்லை. சுவருக்குப் போனேன். செங்கல்லில் கால் வைத்து ஏறுவதற்குள் முழங்கால் உயிர் போய்விட்டது. ஏறி உட்கார்ந்தேன்.

பெஞ்சிலிருந்து பார்த்தால் கால்கள்தான் தெரியும். இங்கிருந்து பார்த்தால் மைதானம் மொத்தமும் பாய் விரித்த மாதிரி தெரிகிறது. எந்த மூலை காலி, எவன் சோம்பேறி, எல்லாம் தெரியும்.

காற்றோட்டமாக இருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் விசேஷம் இல்லை.

ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம்.

பிப்ரவரி 10, வெள்ளி

ஹேமாவைப் பார்க்கப் போனேன். ஒன்பதாம் மாதம்தான் எங்கள் வீட்டுக்கு அழைத்து வருகிறோம். சம்பந்தியம்மா காபி கொடுத்தார். சர்க்கரை சரியாக இருந்தது. இரண்டு பேரும் டிவியையே பார்த்தோம். டிவி ஓடவில்லை.

ஹேமா வாசல் வரைக்கும் வந்து, "அப்பா, அத்த வீட்லயும் பேசறதில்லப்பா. சமைக்கும்போதுகூட ஏதாவது கத்திக்கினே இருப்பாங்க. இப்ப வூடே ஒரு மாதிரி கீது" என்றாள்.

நான் என்ன செய்ய முடியும்.

பிப்ரவரி 11, சனி

நாளைக்கு எப்படி ஆடுவது என்று பையன்கள் கேட்டார்கள். வழக்கம்போல என்றேன்.

பிப்ரவரி 13, திங்கள், காலை

நேற்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

எண்ணூரிலிருந்து இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்கள் பக்கம் ஒரே மேளம், விசில். எங்கள் பக்கம் ஐம்பது பேர், பரீட்சை ஹாலில் உட்கார்ந்த மாதிரி. முதல் பாதியிலேயே எண்ணூர் ஒரு கோல் போட்டுவிட்டது. எங்கள் பையன்கள் ஓடினார்கள், ஆனால் எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாமல் ஓடினார்கள்.

ஹாஃப் டைம். எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். ரீகன், "இன்னா மாஸ்டர் பண்லாம்?" என்றான்.

என்னிடம் ஒன்றும் இல்லை. எப்போதும் இந்த நேரத்தில் ஏதாவது ஒன்று தோன்றும். நேற்று தலைக்குள் ஒரு சத்தமும் இல்லை. நான் பயந்துபோனேன். இதை யாரும் படிக்கப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன். நிஜமாகவே பயந்துபோனேன்.

மைதானத்தின் குறுக்கே நடந்தேன். நடுக்கோட்டைத் தாண்டியபோதுதான் நான் எங்கே போகிறேன் என்பது எனக்கே தெரிந்தது. எண்ணூர்க்காரர்கள் மேளத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சுவருக்குக் கீழே போய் நின்றேன். போர்டைக் கட்டியிருந்த கம்பி, பந்தல் போடுகிற கம்பி. முறுக்கைப் பிரித்தேன். விரல் கிழிந்தது. தகரத்தைக் கழற்றித் தரையில் போட்டேன்.

"திட்டுங்க" என்றேன்.

பேங்க்காரர் சம்பந்தியம்மாவைப் பார்த்தார். எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார்.

"நீங்க எனக்கு சம்மந்தி. நான் எப்படித் திட்டறது?" என்றார்.

"சொவத்துப் பேச்ச நான் சபைக்குக் கொண்டாந்திருக்கக் கூடாது. அது என் தப்புதான். இப்ப நான் சம்மந்தியா வர்ல. கோச்சா வந்துகிறேன்." அடுத்துச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். "நீங்கல்லாம் கத்தாம என்னால முடில."

சம்பந்தியம்மா திரும்பி வெற்றிலையைச் சுவருக்கு அந்தப் பக்கம் துப்பினார். வாயைத் துடைத்துக்கொண்டார். கால் இரண்டையும் நன்றாகத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"யோவ் கோச்சு!" என்றார்.

அந்தச் சத்தம் எண்ணூர் வேன் கண்ணாடியில் மோதியிருக்கும்.

"மூணு வாரமா வயிறு எரிஞ்சுக்கினு ஒக்காந்துகிறேன்யா! அவங்க ரைட் பேக்கு ஏறி ஏறி ஆட்றான், திரும்பியே வர்ல. அந்த மூல பூரா பொட்டல் காடாக் கெடக்குது! அங்க ஒருத்தன அனுப்ப உனக்கு இன்னா கேடு? சகாயத்த அங்க உடுய்யா!"

பிறகு ஐம்பது பேரும் ஆரம்பித்தார்கள். ஆட்டோக்காரர் என் சட்டையைத் திட்டினார். இன்னொருவர் நான் போன வருஷம் எடுத்த முடிவைத் திட்டினார். பேங்க்காரர் கீப்பரை ஃபார்வர்டு ஆட வைக்கச் சொன்னார். "மூணு பேக்கு போதும்யா, ஒருத்தனத் தூக்கி முன்னால போடு" என்று எங்கிருந்தோ ஒரு குரல். "கேட்டத் தொறய்யா!" என்று நாலைந்து பேர் சேர்ந்து. எழுத முடியாததும் நிறைய. நான் தலையை நிமிர்த்தி நின்று மொத்தத்தையும் வாங்கிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மைதானத்தில் கோடு போட்ட சுண்ணாம்புத் தூள் பறந்துகொண்டிருந்தது.

திரும்பி நடந்து பெஞ்சுக்கு வருவதற்குள் எனக்கு இரண்டு யோசனைகள் தோன்றிவிட்டன. ஒரு பேக்கை எடுத்துவிட்டு இன்னொரு ஃபார்வர்டை இறக்கினேன். சகாயத்தை அந்தக் காலி மூலைக்கு அனுப்பினேன்.

அப்புறம் நடந்ததுதான் ஆட்டம். சகாயம் அந்த மூலையிலிருந்து அடித்துக்கொடுக்க ரீகன் தலையால் முட்டினான். ஒன்றுக்கு ஒன்று. சுவர் ஆடியது. கார்னரில் திரும்பி வந்த பந்தைச் சகாயம் பாக்ஸுக்கு வெளியே நின்று ஒரே அடி. இரண்டுக்கு ஒன்று. நான் குதித்தேன். முழங்கால் ஞாபகமே இல்லை. ஆறு வருஷத்தில் என் டீம் இப்படி ஆடி நான் பார்த்ததில்லை.

கப் கைக்கு வந்துவிட்டது. ஆட்டம் முடியச் சொற்ப நேரம்தான் இருந்தது. அப்போது சுவரிலிருந்து அதே குரல்: "போதும்யா கோச்சு! இப்ப மூடு! கேட்ட மூடு!"

எல்லோரும் கத்தினார்கள், மூடு மூடு என்று. எனக்கு நன்றாகக் கேட்டது. என் தொழிலே அதுதான், ஒரு கையசைத்தால் பையன்கள் பின்னால் வந்துவிடுவார்கள். நான் கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். திறந்தே இருக்கட்டும், இன்னும் ஒரு கோல் போடட்டும் என்று நின்றேன். அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அது முழுக்க முழுக்க என் சொந்த முடிவு.

எண்ணூர்க்காரன் நடுவில் பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். அவனைத் தடுக்கப் பின்னால் ஆளே இல்லை. இரண்டுக்கு இரண்டு. விசில்.

ஏழாவது கப் வேனில் ஏறி எண்ணூருக்குப் போய்விட்டது.

பையன்கள் தரையில் படுத்துக்கிடந்தார்கள். ஒவ்வொருவனையும் தூக்கிவிட்டு முதுகில் தட்டினேன். பிறகு சுவருக்குப் போனேன். போய்த்தானே ஆக வேண்டும். அங்கே வசவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "மூடுன்னு கத்துறேன், பாக்கெட்ல கைய உட்டுக்கினு வேடிக்க பாக்குது பாரு! தொறக்க வேண்டியப்போ மூடுவ, மூட வேண்டியப்போ தொறப்ப!"

நான் கையைத் தூக்கினேன். "சொன்ன சொல்லக் காப்பாத்தணும். சத்தமில்லாம ஆடி ஏழாவது கப்பு வாங்கலன்னா கெளம்பிட்றேன்னு சொன்னேன். வாங்கல. அதனால நான் கெளம்பறேன். எல்லாருக்கும் வணக்கம்."

சுவர் கப்பென்று அடங்கியது. எனக்கு அந்த அமைதி தாங்கவில்லை. திரும்பினேன்.

"நில்லுய்யா" என்றார் சம்பந்தியம்மா. "இன்னான்னு பந்தயம் கட்டுன? திருப்பிச் சொல்லு."

"சத்தமில்லாம ஆடி…"

"சத்தமில்லாமயா ஆடுன? போர்டக் கய்ட்டிப் போட்டது யாரு? திட்டு திட்டுன்னு வந்து நின்னது யாரு? செகண்ட் ஆப்பு பூரா நாங்க தொண்ட கிய்யக் கத்தல?" அவர் எத்திராஜைப் பார்த்தார். "பந்தயம் செல்லுமாய்யா செகரட்டரி?"

எத்திராஜ் தரையில் கிடந்த தகரத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "செல்லாது" என்றான்.

"செல்லாதுல்ல? அப்ப எங்க கெளம்பற நீ? கப்பக் கோட்ட வுட்டுட்டு நைசா வூட்டுக்குப் பூட்லாம்னு பாக்கறியா? அடுத்த வருசம் இதே எடத்துல வந்து நில்லு. ஒன்ன வுட்டா எங்களுக்குத் திட்ட யார் கீறா?"

ஐம்பது பேரும் மறுபடி ஆரம்பித்தார்கள். நான் நின்று கேட்டேன். ஆறு கப் வாங்கியவனைத் திட்டலாமா என்று இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தேன். திட்டட்டும். ஆறு கப் வாங்கியவனுக்கு இதுகூடக் கிடையாதென்றால் எப்படி?

கடைசியில் சம்பந்தியம்மா சுவரிலிருந்து இறங்கினார். நான் கை கொடுத்தேன், பிடித்துக்கொண்டார். கால் தரையில் பட்டதும் புடவையைச் சரிசெய்துகொண்டு, "விரல்ல ரத்தம் வருதே சம்மந்தி. வூட்டுக்கு வந்து மஞ்சத்தூள் வச்சுக்கினு போங்க" என்றார். வெளியே கேட்காத குரலில்.

போனேன். புளிசோறு இருந்தது. இரண்டு கரண்டி வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 14, செவ்வாய்

மோட்டார் சரியாகிவிட்டது. வாஷரைத் தலைகீழாகப் போட்டிருந்தேன்.

அடுத்த சீசனுக்கு இப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டேன் என்று வச்சலாவிடம் சொன்னேன். முதல் பாதியில் திறந்து ஆட வேண்டும். முன்னால் இருந்தால் கடைசிப் பத்து நிமிஷம் மூடிவிட வேண்டும்.

"யாரு சொன்னா?" என்று கேட்டாள்.

எனக்கே தோன்றியது என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த முறத்து அரிசி பாதி கீழே போய்விட்டது. இரண்டு பேரும் உட்கார்ந்து பொறுக்கினோம்.